கிட்ஹப் ஏபிஐ டோக்கன்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ஏபிஐயை (நம் ஸ்கிரிப்ட் அதனிடம் தகவல் கேட்கும் வழி) நான் பெரும்பாலும் சின்ன ஸ்கிரிப்ட்டுகளுக்குத்தான் பயன்படுத்துகிறேன். இன்னும் மூடாத இஷ்யூக்களை (பிழை, கோரிக்கைப் பதிவுகளை) திரட்டுவது, புது ரிலீஸ் வந்தால் குழுவுக்குச் சொல்வது மாதிரியான வேலைகள். பொது ரெப்போவின் (எல்லோரும் பார்க்கக்கூடிய கோடுத் தொகுப்பின்) தகவல் டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஸ்கிரிப்ட் காட்டும் ரகசியச் சாவி) இல்லாமலும் கிடைக்கும். ஆனால் ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 கோரிக்கைதான். அலுவலகத்தில் ஒரே இணைப்பை நாலு பேர் பகிர்ந்தால் சீக்கிரமே தீர்ந்துவிடும். சொந்த டோக்கன் இருந்தால் 5,000. பலர் டோக்கன் எடுப்பதே இதற்காகத்தான். எனக்கு அதைவிட முக்கியம், அந்த டோக்கனால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பது.

2020 நவம்பர் 13 முதல் இந்த ஏபிஐக்குப் பாஸ்வேர்டு செல்லாது. அது நல்ல முடிவு. பாஸ்வேர்டு கசிந்தால் கணக்கே போய்விடும். டோக்கன் கசிந்தால் அதை மட்டும் ரத்து செய்தால் போதும். ஆனால் பழைய கிளாசிக் டோக்கனில் இந்த நன்மை பாதிதான். 'ரெப்போ' என்ற ஸ்கோப்பை (அனுமதி வகையை) டிக் செய்துவிட்டால், நம் கணக்கு எட்டும் எல்லாத் தனி (பிரைவேட்) ரெப்போக்களிலும் படிக்கவும் எழுதவும் அதற்கு அனுமதி கிடைத்துவிடும். இஷ்யூ எண்ணும் ஸ்கிரிப்ட்டுக்கு எதற்கு இவ்வளவு அதிகாரம்?

2022 அக்டோபரில் ஃபைன்-கிரெயின்ட் டோக்கன் வந்தது. எந்த ரெப்போ, அதில் எது, படிக்க மட்டுமா எழுதவுமா என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்கிரிப்ட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்றை ரத்து செய்தாலும் மற்றவை பாட்டுக்கு ஓடும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம், 404 ('கிடைக்கவில்லை') என்ற பதில் எண். தனி ரெப்போவுக்கு அனுமதி இல்லையென்றால் 403 ('அனுமதி மறுப்பு') வரும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் அப்படி ஒரு ரெப்போ இருப்பதே வெளியே தெரியக்கூடாது என்பதற்காக 404 தருகிறார்கள். உடனே யூஆர்எல்லில் எழுத்துப்பிழை தேடி நேரம் போகும். 401 வந்தால் டோக்கன் தவறு அல்லது காலாவதி. யூஆர்எல் சரியாக இருந்தும் 404 வந்தால் முதலில் அனுமதியைப் பாருங்கள். எந்த அனுமதி வேண்டும் என்பது 'எக்ஸ்-அக்செப்டட்-கிட்ஹப்-பெர்மிஷன்ஸ்' என்ற ஹெடரிலேயே (பதிலோடு வரும் கூடுதல் தகவல் வரியிலேயே) வரும். நிறைய பேர் இதைக் கவனிப்பதில்லை.

காலாவதி நாளும் பதிலின் ஹெடரில் வந்துவிடுகிறது. அதை ஸ்கிரிப்ட்டே படித்து, ஒரு வாரம் முன்பே எச்சரிக்கை அனுப்பும்படி வைத்திருக்கிறேன். இது இருந்தால் காலாவதி வைக்கவே பயம் வராது.

டோக்கனை, கோரிக்கையோடு போகும் 'ஆதரைசேஷன்' ஹெடரில் 'பேரர்' என்று போட்டு அனுப்புங்கள். யூஆர்எல்லில் வைத்தால் சர்வர் லாக்குகளில் (பதிவேடுகளில்) தங்கிவிடும். பொது ரெப்போவில் யாராவது டோக்கனை கமிட் செய்தால் (கோடோடு சேர்த்துப் பதிவு செய்தால்) கிட்ஹப் கண்டுபிடித்து ரத்து செய்கிறது. 2021இல் டோக்கன்களுக்கு அடையாள முன்னொட்டு சேர்த்தபின் இப்படிப் பிடிப்பது எளிதாகிவிட்டது. அதை நம்பிக் கோடுக்குள் எழுதி வைக்காதீர்கள். என்விரான்மென்ட் வேரியபிளில் (கோடுக்கு வெளியே, ஓடும் கணினியில் வைக்கும் மதிப்பில்) வையுங்கள்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்குள் (வேலைகளைக் கிட்ஹப்பிலேயே தானாக ஓட்டும் வசதி) ஓடும் வேலை என்றால் சொந்த டோக்கனே வேண்டாம். ஒவ்வொரு ஜாபுக்கும் தானாகவே ஒன்று கிடைக்கும், ஜாப் முடிந்ததும் செத்துவிடும். அந்த டோக்கனால் செய்த புஷ் (ரெப்போவுக்கு மாற்றத்தை அனுப்புவது) இன்னொரு வொர்க்ஃப்ளோவை (தானியங்கி வேலைத் தொடரை) கிளப்பாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் சரி.

கிளாசிக் டோக்கனை நான் இப்போது கிட்ஹப் பேக்கேஜஸுக்கு (மென்பொருள் பேக்கேஜ்களை வைத்துப் பகிரும் சேவைக்கு) மட்டும்தான் வைத்திருக்கிறேன். அங்கே ஃபைன்-கிரெயின்ட் செல்லாது. அதிலும் பேக்கேஜைப் படிக்கும் ஸ்கோப் ஒன்றுதான்.