செயின் செட் மாற்றியதாக பில், உள்ளே திருப்பிப் போட்ட பழைய ஸ்பிராக்கெட்: டூர் கிளம்பும் முன் பாருங்கள்

நீண்ட பயணத்துக்கு முன்னால் பைக்கை வெளிக்கடையில் சர்வீஸுக்கு விடுகிறவர்கள் இதை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். 400 சிசி வகை டூரிங் பைக், ஓடியது 26,000 கி.மீ. சென்னையிலிருந்து கொல்லிமலை, அங்கிருந்து பொள்ளாச்சி வழியாக வால்பாறை என்று திட்டம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கடையில் விட்டு, 9,400 ரூபாய் கொடுத்து எடுத்த வண்டி. சீட்டில் எழுதியிருந்தவை: செயின் ஸ்பிராக்கெட் கிட் (எக்ஸ்-ரிங்), இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், பிரேக் ஃப்ளூயிட், லேபர். ஸ்பிராக்கெட் என்பது செயின் ஓடும் பல்சக்கரம், முன்னால் ஒன்று, பின் வீலில் ஒன்று.

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது பின்பக்கம் 'கட் கட்' என்று சத்தம். ஆழியாறில் நிறுத்திப் பார்த்தால் செயின் ஓர் இடத்தில் கம்பி மாதிரி இறுகியிருக்கிறது, வீலை அரைச் சுற்று சுற்றினால் தொங்குகிறது. கிட் போட்டு 1,100 கி.மீ. கூட ஆகவில்லை. ஒழுங்காகப் பராமரித்த எக்ஸ்-ரிங் செயின் (உள்ளே கிரீஸை அடைத்து வைக்க ரப்பர் வளையம் உள்ளது) 20,000 கி.மீ. சாதாரணமாக வரும். ஊர் திரும்பியதும் வண்டியைப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். இந்த வேலை ஒரு கடையோடு நிற்பதில்லை.

முதலில் பின் ஸ்பிராக்கெட். அது புதிதே இல்லை. வண்டியோடு வந்த அதே 45 பல் ஸ்பிராக்கெட்டைக் கழற்றி, கழுவி, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி மாட்டியிருக்கிறார்கள். ஸ்பிராக்கெட்டில் பல் எண்ணிக்கையும் கம்பெனி முத்திரையும் வெளிப்பக்கம் தெரியும்படி மாட்டுவதுதான் வழக்கம். இதில் '45' வீல் ஹப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தது. திருப்பிப் போடுவதில் என்ன லாபம் என்று கேட்கலாம். வண்டி முன்னால் ஓடும்போது ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம்தான் செயினின் இழுப்பை வாங்கும், அந்தப் பக்கம்தான் தேயும், பல் முனை கொக்கி மாதிரி வளையும். திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வந்துவிடும், மேலோட்டமாகப் பார்த்தால் பல் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் பல்லின் பருமன் ஏற்கெனவே குறைந்திருக்கிறது, இரண்டு பற்களுக்கு இடையிலுள்ள குழி அகன்றிருக்கிறது. புதுச் செயினின் ரோலர் அந்தக் குழியில் சரியாக உட்காராது, ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். புதுச் செயினும் அதே வேகத்தில் கெடும். செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் ஒன்றாக மாற்றச் சொல்வதே இதனால்தான்.

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். முத்திரை எந்தப் பக்கம் என்று பாருங்கள். பிறகு போல்ட்டைச் சுற்றிப் பாருங்கள்: புது ஸ்பிராக்கெட் என்றால் வாஷர் அல்லது நட் உட்காரும் வட்டத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் பூச்சு அப்படியே இருக்கும். இந்த வண்டியில் நட்டுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டத் தடங்கள் இருந்தன, பல்லின் பக்கவாட்டில் செயின் உரசிய பளபளப்பு இருந்தது. வண்டியை எடுத்த அன்றே பாருங்கள்: புது ஸ்பிராக்கெட் என்றால் கடையிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வரும் சில கி.மீ.யில் அந்தப் பளபளப்பு வராது.

முன் ஸ்பிராக்கெட் மட்டும் புதிது.

அடுத்தது செயின். பெட்டியில் எக்ஸ்-ரிங் என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருந்தது ரிங்கே இல்லாத சாதாரணச் செயின், வெளித்தகட்டில் பொன்னிறப் பூச்சு. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் இருமுறை துடைத்ததும் துணி மஞ்சளானது, தகடு சாம்பல் நிறமானது. உண்மையான எக்ஸ்-ரிங், ஓ-ரிங் செயினில் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே கறுப்பு ரப்பர் வளையம் கண்ணுக்குத் தெரியும். லிங்க்குகளைக் கோக்கும் பின்னுக்கும் (ஊசி) அதைச் சுற்றிய புஷ்ஷுக்கும் நடுவே கம்பெனியில் அடைத்த கிரீஸை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அந்த வளையம்தான். அது இல்லாவிட்டால் கிரீஸ் சில நூறு கிலோமீட்டரில் போய்விடும், அந்தப் பின் உள்ளே தேயும், செயின் நீளும். 'செயின் இழுத்துடுச்சு' என்கிறோமே, தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னிலும் வரும் சிறு தேய்மானம் சேர்ந்துதான் அந்த நீளம்.

அளந்து பார்க்க ஒரு ஸ்டீல் டேப் போதும். 520, 525, 530 மூன்று செயினிலும் ஒரு லிங்க் 15.875 மி.மீ.தான், கடைசி இரண்டு எண்கள் அகலத்தைச் சொல்பவை. கீழ்ப்பக்கச் செயினை இறுக்கிப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 21-ஆவது பின்னின் நடுவரை அளந்தால் 20 லிங்க். புதிதில் 317.5 மி.மீ. இருக்க வேண்டும். 320.7 வந்தால் ஒரு சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம். இந்தச் செயின் 1,100 கி.மீ.யில் 322 காட்டியது. வண்டி எடுக்கும் நாளிலேயே அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாக்குவாதம் வந்தால் கையில் எண் இருக்கும்.

மூன்றாவதுதான் உயிர் போகிற விஷயம். செயினின் இரு முனைகளை இணைத்தது கிளிப் லிங்க், அதாவது சிறு ஸ்பிரிங் தகடு பிடித்து வைக்கும் இணைப்பு. இந்த அளவு சக்தியுள்ள பைக்குகளுக்கு ரிவெட் அடித்த (பின்னின் தலையை நசுக்கி விரித்த) இணைப்புதான் பாதுகாப்பு. கம்பெனிச் செயினும் அப்படித்தான் வந்தது. கிளிப் போட்டது போகட்டும், திசையையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த முனை பின்னால் இருக்க வேண்டும். இதில் பிளந்த முனை முன்னால். ஓடும்போது ஒரு கல்லோ குச்சியோ பட்டால் கிளிப் கழன்று தெறித்துவிடும். கிளிப் போனால் பக்கத்தகடு போகும், செயின் அறும். அறுந்த செயின் முன் ஸ்பிராக்கெட்டுக்கும் இன்ஜின் கேஸுக்கும் நடுவே சுருண்டு மாட்டினால் கேஸ் உடையும், பின் வீல் லாக் ஆகும். ஆழியாறு பக்கம் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. அந்த வண்டி இத்தனை வளைவையும் இப்படிப்பட்ட கிளிப்போடுதான் கடந்திருக்கிறது.

செயினை இறுக்கிய விதமும் தவறு. ஸ்டாண்டில் நிறுத்தி அளந்தபோது இறுகிய இடத்தில் லூஸ் (கீழ்ப்பக்கச் செயின் மேலும் கீழும் ஆடும் அளவு) 10 மி.மீ.தான். பெரும்பாலான டூரிங் பைக்குகளுக்கு மேனுவலில் 25 முதல் 35 மி.மீ. வரை கொடுத்திருப்பார்கள், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் ஸ்விங் ஆர்மில் (பின் வீலைத் தாங்கும் கை) ஸ்டிக்கராகவே ஒட்டியிருக்கும். சில மெக்கானிக்குகள் 'டைட்டா இருந்தா சத்தம் வராது சார்' என்று சொல்லி இறுக்கிவிடுவார்கள். பின் ஆக்சில், ஸ்விங் ஆர்ம் பிவட் (அந்தக் கை வண்டியோடு சேரும் அச்சு), முன் ஸ்பிராக்கெட் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக அதிகமாக இறுகும். ஆள் ஏறி, இரண்டு சேடில் பேக்கும் டாப் பாக்ஸும் ஏற்றினால் சஸ்பென்ஷன் அமுங்கி அந்த நேர்கோட்டுக்கு வந்துவிடும். சும்மா நிற்கும்போது 10 மி.மீ. என்றால் அப்போது பூஜ்ஜியம். பள்ளத்தில் இறங்கினால் அந்த இழுப்பெல்லாம் கியர்பாக்ஸ் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்குக்குத்தான் போகும். இந்த வண்டியில் முன் ஸ்பிராக்கெட் மூடியைக் கழற்றியதும் ஆயில் சீலைச் சுற்றி ஈரம். சீலோடு போனால் சில நூறு ரூபாய். பேரிங் போயிருந்தால் இன்ஜினைப் பிளக்க வேண்டும்.

ஆயில், பிரேக் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லலாம். ஆயில் மாற்றியிருக்கிறார்கள், ஃபில்டரை மாற்றவில்லை: ஃபில்டர் மூடியின் போல்ட் தலைக்குள் பழைய மண் கெட்டியாக அடைந்திருந்தது, ஸ்பேனர் உள்ளே போன அடையாளமே இல்லை. பிரேக் ஃப்ளூயிட் மேல் டப்பாவில் மட்டும் புதிது. காலிப்பர் (வீல் பக்கம் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) நிப்பிளைத் திறந்தால் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. டாட் 4 வகை பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஃப்ளூயிட்டுக்கு விதி கேட்கும் குறைந்த அளவே 155 டிகிரிதான். தொடர்ந்து மலை இறங்கும்போது காலிப்பர் சூடேறி ஃப்ளூயிட் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி வரும், லிவர் கைப்பிடி வரை வந்துவிடும், பிரேக் பிடிக்காது. சூடாவது காலிப்பர் பக்கம். அதனால் மேல் டப்பாவில் புதிது ஊற்றுவதால் ஒரு பயனும் இல்லை.

இதையெல்லாம் கடையில் பக்கத்தில் நின்று பார்க்க எல்லோருக்கும் நேரம் இருக்காது. அதற்கு ஒரு வழி: சிவப்பு நகப்பூச்சு. வண்டியை விடுவதற்கு முந்தின நாள் ஆயில் ட்ரெயின் போல்ட், ஃபில்டர் மூடி போல்ட், காலிப்பர் நிப்பிள், பின் ஸ்பிராக்கெட் நட் ஒவ்வொன்றின் மேலும் போல்ட்டிலிருந்து பக்கத்து உலோகத்துக்குப் போகிற மாதிரி ஒரு மெல்லிய கோடு போடுங்கள். இடத்தை முதலில் துடைத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டாது. போல்ட்டைத் திறந்தால் கோடு உடையும். பின் ஸ்பிராக்கெட்டின் உள்பக்கம் ஒரு பொட்டு வையுங்கள். திருப்பிப் போட்டால் அந்தப் பொட்டு வெளியே வந்து உங்களைப் பார்க்கும். முழுக்கக் கழுவிவிட்டாலும் ஏதாவது ஓர் ஓரத்தில் மிச்சம் இருக்கும். கூடவே, பழைய பாகங்களைக் கையில் கொடுக்க வேண்டும் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள். எடுக்கும்போது கேட்டால் 'குப்பையில போயிடுச்சு' என்ற பதில்தான் வரும்.

கிட்டை நீங்களே வாங்கி வீட்டிலேயே மாற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பேடாக் ஸ்டாண்டு (பின் வீலைத் தூக்கி நிறுத்துவது), டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), செயின் உடைத்து ரிவெட் அடிக்கும் கருவி, வெர்னியர் (மி.மீ.யின் பின்னத்தை அளக்கும் கருவி) இருந்தால் ஒரு காலை நேரம் போதும். வரிசை முக்கியம். பழைய செயின் மாட்டியிருக்கும்போதே, வண்டியை கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, முன் ஸ்பிராக்கெட் நட்டை முதலில் தளர்த்துங்கள். செயினைக் கழற்றிவிட்டால் அந்த நட்டைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. பழைய செயினில் ஒரு பின்னின் தலையைக் கிரைண்டரில் தேய்த்து, கருவியால் தள்ளுங்கள். தேய்க்காமல் தள்ளினால் கருவியின் ஊசிதான் உடையும். புதுச் செயினின் லிங்க் எண்ணிக்கையைப் பழையதோடு பக்கத்தில் வைத்து எண்ணுங்கள், நீளத்தைப் பார்த்து வெட்டாதீர்கள், பழையது நீண்டிருக்கும். இணைப்பு லிங்க்கில் நான்கு ரப்பர் வளையம் வரும், நான்கும் போக வேண்டும், கூட வரும் கிரீஸைப் பின்னில் தடவிவிட்டுத்தான் தள்ள வேண்டும். ரிவெட் அடித்து முடித்ததும் அந்தப் பின்னின் விரிந்த தலை அகலத்தை வெர்னியரால் அளங்கள். 520 செயின்களில் பெரும்பாலும் 5.5 முதல் 5.8 மி.மீ.; பெட்டியிலுள்ள தாளில் இருப்பதே கணக்கு. குறைந்தால் கழன்றுவிடும், அதிகமானால் தலை வெடிக்கும்.

பின் வீல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஸ்விங் ஆர்மிலுள்ள கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். பிவட் நடுவிலிருந்து ஆக்சில் நடுவரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து சமமாக்குங்கள். வீலைச் சுற்றி, செயின் எங்கே மிகவும் இறுகுகிறதோ அங்கே லூஸ் வையுங்கள். ஆக்சில் நட்டை மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்கியபின் லூஸை மறுபடி அளங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு மி.மீ. மாறியிருக்கும். 300 கி.மீ. ஓடியபின் இன்னொருமுறை பாருங்கள்.

பராமரிப்பு 500 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அன்றைக்கே. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோல் ரப்பரைக் கெடுக்கும், கம்பி பிரஷ் வளையத்தை அறுக்கும். துடைத்துக் காயவிட்டு, கீழ்ப்பக்கச் செயினின் உள்புறமாக 90 கிரேடு கியர் ஆயில் விட்டு, அதிகமாக இருப்பதைத் துடையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டு வீல் தானாகச் சுற்ற செயினைத் துடைப்பவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. துணி ஸ்பிராக்கெட்டில் மாட்டினால் கையை எடுக்க நேரமே இருக்காது, விரல் போய்விடும். தயவுசெய்து செய்யாதீர்கள். இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில், கையால் வீலைச் சுற்றுங்கள்.

பணத்தைப் பற்றி. கடைக்காரர் முதலில் 'கிட் கம்பெனி ஃபால்ட்' என்றார், ஸ்பிராக்கெட் போட்டோவைக் காட்டியதும் 'பையன் தெரியாம போட்டுட்டான்' என்றார், திருப்பித் தரவில்லை. அவர் தந்த தாளில் தலைப்பே 'எஸ்டிமேட்' என்றுதான் இருந்தது, ஜிஎஸ்டி எண் இல்லை. இப்படிப்பட்ட தாளை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையின் பில்லில் 15 எழுத்து-எண் இருக்கும், தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். சரியான பில் இல்லாவிட்டாலும் ஜிபேயில் பணம் போன பதிவு, வேலை விவரம் பேசிய வாட்ஸப் செய்தி, பிரித்தபோது எடுத்த தேதியுள்ள போட்டோக்கள் சாட்சியாகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் பதியலாம். தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம்: கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம், இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பிரித்த பாகங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த வண்டியின் திருப்பிய ஸ்பிராக்கெட்டும், மஞ்சள் ஏறிய துணியும், பிளந்த முனை எந்தப் பக்கம் என்று பெயின்ட் குறி போட்ட கிளிப் லிங்க்கும் ஒரே கவரில் பத்திரமாக இருக்கின்றன. 1915-இல் புகார் பதிவாகிவிட்டது.