பழைய ஷாப்ஸ்மித்: 10ஈஆர் வாங்கலாமா, மார்க் 5 வாங்கலாமா?

ரம்பம் தனி, டிரில் பிரஸ் தனி, லேத் தனி என்று வாங்கிப் போட இடம் இருப்பவர்கள் அப்படியே செய்யுங்கள், அதற்கு ஈடு கிடையாது. காரையும் உள்ளே நிறுத்திக்கொண்டு, மிச்சம் இருக்கிற கராஜ் ஓரத்தில் மரவேலையும் செய்ய வேண்டும் என்பவர்களுக்குத்தான் ஷாப்ஸ்மித் என்கிற இந்தப் பல வேலை எந்திரம். அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய பொருள் விற்பனைப் பக்கங்களை இரண்டு நாள் புரட்டினால் ஷாப்ஸ்மித் கண்ணில் படாமல் போகாது. இரண்டு இரும்புக் குழாய்கள், அவற்றின் மேல் முன்னும் பின்னும் நகரும், கருவிகளைச் சுழற்றும் தலைப்பகுதியான ஒரு ஹெட்ஸ்டாக், ஒரே ஒரு மோட்டார். படுக்க வைத்தால் வட்ட ரம்பம், லேத், தேய்ப்புத் தட்டு, பக்கவாட்டில் துளை போடும் கருவி. குழாய்களோடு சேர்த்து நிமிர்த்தினால் டிரில் பிரஸ். 10ஈஆர், மார்க் 5 இரண்டும் இதன் மாடல்கள். நான் வாங்கியது மார்க் 5, அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

ஜெர்மனியிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்த ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் வடிவமைத்த எந்திரம் இது. மேக்னா எஞ்சினியரிங் தயாரித்து, மான்ட்கோமரி வார்ட் கடைகள் வழியாக விற்ற 10ஈஆர் 1940களின் கடைசியிலிருந்து 1953 வரை வந்தது. அதற்கடுத்தது மார்க் 5. 1960களில் கம்பெனி கைமாறி, தயாரிப்பும் நின்றுபோய், 1972-ல் ஒஹாயோ மாநிலத்தில் திரும்பத் தொடங்கினார்கள். இந்தக் கடைசி விஷயம் வெறும் சரித்திரம் இல்லை, ஏன் என்று கீழே வரும்.

மேலோட்டமான வித்தியாசங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 10ஈஆர் ரம்பம் 8 அங்குலம், பிற்கால மார்க் 5-இல் 10 அங்குலம். லேத்தில் 10ஈஆரை விட மார்க் 5 அகலமான மரத்தை ஏற்கும், 16½ அங்குலம் வரை. பலகை ஓரத்தை நேராக இழைக்கும் 4 அங்குல ஜாயின்டர், 11 அங்குல பேண்ட் சா (பட்டை ரம்பம்) போன்றவற்றை மார்க் 5-இன் ஓரத்தில் மாட்டி அதே மோட்டாரில் ஓட்டலாம். இரண்டுக்கும் பொதுவான பெரிய குறை ஒன்று: ரம்பம் சாயாது, மேசைதான் சாயும். நீளமான பலகையை 45 டிகிரியில் அறுக்கும்போது அது சரிந்து கீழே போகப் பார்க்கும், ஒரு கை அதைத் தாங்கவே போய்விடும். பிளைவுட் ஷீட் ஷீட்டாக அறுப்பதுதான் உங்கள் வேலை என்றால் இரண்டையும் மறந்துவிட்டு நல்ல டேபிள் சா வாங்குங்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, ஹெட்ஸ்டாக்குக்குள் என்ன இருக்கிறது, அது கெட்டால் என்ன ஆகும் என்பது.

10ஈஆரில் மோட்டார் வெளியே தெரியும். ஹெட்ஸ்டாக்கோடு பிணைத்த ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கும், ஹெட்ஸ்டாக் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். சாதாரண வி-பெல்ட், படிப்படியான புல்லி. வேகத்தை மாற்ற மோட்டாரை நிறுத்தி, பெல்ட்டைக் கையால் வேறு படிக்கு மாற்ற வேண்டும். ஸ்பீட் சேஞ்சர் என்று ஒரு துணைக்கருவி தனியாக விற்றார்கள், எல்லா எந்திரத்தோடும் அது வராது. இதில் கெட்டுப்போக அதிகமாக எதுவும் இல்லை என்பதுதான் 10ஈஆர் ரசிகர்களின் வாதம், அதில் நியாயமும் உண்டு.

மார்க் 5 அப்படி இல்லை. மோட்டார், பெல்ட், புல்லி எல்லாம் ஹெட்ஸ்டாக்குக்குள்ளேயே. முன்னால் ஒரு டயல், அதைத் திருப்பினால் நிமிடத்துக்கு 700 சுற்றிலிருந்து 5200 சுற்று வரை வேகம் ஏறும், இறங்கும். உள்ளே ஒவ்வொரு புல்லியும் இரண்டு பாதியாக இருக்கிறது. பாதிகள் விலகினால் பெல்ட் பள்ளத்துக்குள் இறங்கும், நெருங்கினால் விளிம்புக்கு ஏறும். மோட்டார் புல்லி விரியும்போது மேலே உள்ள புல்லி சுருங்கும். அழகான அமைப்பு, ஆனால் இரண்டு விஷயத்தை மன்னிக்காது. முதலாவது, மோட்டார் ஓடும்போது மட்டும்தான் டயலைத் திருப்ப வேண்டும். நின்றிருக்கும்போது பெல்ட் நகர முடியாது, பலம் முழுக்க டயலின் பற்களில் போய் விழும். நிறுத்துவதற்கு முன்னால் வேகத்தைக் குறைத்துவிடுவதும் நல்லது. இரண்டாவது, எண்ணெய். நகரும் புல்லிப் பாதிகள் தண்டின் மேல் வழுக்க வேண்டும், காய்ந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மெது வேகத்தில் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டார் தண்டில் ஓரிரு சொட்டு; திரும்ப மாட்டி, வேகத்தை முழுக்க ஏற்றி நிறுத்தி, மறுபடி பிடுங்கிவிட்டு மேல் தண்டில் ஓரிரு சொட்டு. சுமார் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இது போதும். அதிகம் விட்டால் பெல்ட்டில் பட்டு வழுக்கும்.

இவ்வளவு தொல்லை பிடித்ததை ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். பாகம் கிடைக்கிறது, அதனால்தான். 1972-க்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்த ஒரே வடிவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வந்ததால், பழைய மார்க் 5-க்குப் புது பாகங்கள் பெரும்பாலும் பொருந்துகின்றன. ஒற்றை பேரிங் உள்ள குவிலை (சுழலும் தண்டைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் உறை) கழற்றிவிட்டு இரட்டை பேரிங் குவில் போடலாம், லேத்தில் ஆட்டம் நன்றாகக் குறையும். சின்ன மேசை போதவில்லை என்றால் மார்க் 5-இன் பிற்கால மாடல்களான 510, 520-இன் பெரிய மேசையை அதே குழாய்களில் ஏற்றலாம். பணம் இருந்தால் 2010 வாக்கில் வந்த பவர்ப்ரோ என்கிற மின்னணு வேகக் கட்டுப்பாடு உள்ள ஹெட்ஸ்டாக்கையே முழுசாக மாட்டலாம், புல்லித் தலைவலியே போய்விடும். செத்துப்போன எந்திரங்களிலிருந்து கழற்றிய பாகங்களும் சந்தையில் ஏராளம். 10ஈஆருக்குப் பெல்ட்டும் மோட்டாரும் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் அதற்கே உரிய வார்ப்பு ஒன்று உடைந்தால் இன்னொரு 10ஈஆரைத் தேடிப் பிடித்து உடைக்கத்தான் வேண்டும். தெரிந்தவர் ஒருவரின் 10ஈஆரில் கொஞ்சம் கடைந்து பார்த்த அளவுதான் என் அனுபவம், அது இதமாகவே ஓடியது. வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

ஒரு விஷயத்தில் 10ஈஆர் தெளிவாக ஜெயிக்கிறது. ஊருக்குத் திரும்பும்போது கூடவே எடுத்துப் போகலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. இங்கே உள்ள மோட்டார் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட்டேஜ் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது; 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், சூடும் அதிகமாகும். 10ஈஆரில் மோட்டார் சூடாகும் கவலை இல்லை, மோட்டாரைக் கழற்றிவிட்டு ஊரில் கிடைக்கும் 230 வோல்ட் மோட்டாரைப் போல்ட் போட்டு முறுக்கினால் சரி.

இனி வாங்கப் போகும்போது. மார்க் 5 என்றால் பச்சை நிறத்தில் வரும் 1950களின் எந்திரத்தைக் கிரீனி என்பார்கள். அழகுதான், ஆனால் முக்கால் குதிரைசக்தி மோட்டார், பல் வைத்த கில்மர் பெல்ட், ஊளையிடும் சத்தம். அன்றாட வேலைக்கு 1-1/8 குதிரைசக்தியும் நீளவாக்கில் வரிப் பள்ளங்கள் கொண்ட பாலி-வி பெல்ட்டும் உள்ள 500 மாடல்தான் என் தேர்வு. ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், டயலை மெதுவிலிருந்து உச்சிக்கும் திரும்ப மெதுவுக்கும் கொண்டு போங்கள். நடுவில் சிக்கினால் புல்லி ஒட்டியிருக்கிறது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தேய்ப்புத் தட்டின் விளிம்பைக் கையால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள், லொடலொடத்தால் பேரிங் போயிருக்கிறது. குழாய்களில் மேலோட்டமான துரு பரவாயில்லை, தேய்த்து மெழுகு பூசினால் சரியாகும். வளைவு இருந்தால் வேண்டாம். ரம்பத்தின் மேல் மூடி, கீழ் மூடி, ஃபென்ஸ் (பலகையை நேராக வழிநடத்தும் சட்டம்), மைட்டர் கேஜ் (கோணத்தில் அறுக்க உதவும் வழிகாட்டி), டிரில் சக், லேத்தின் டூல் ரெஸ்ட் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சில நூறு டாலருக்கு எந்திரத்தை வாங்கிவிட்டு, இல்லாத பாகத்துக்கெல்லாம் தனித்தனியாகச் செலவு செய்தால் அதே விலைக்கு இன்னொன்று வந்துவிடும். ரம்ப மூடி இல்லாமல் வந்தால் அது கிடைக்கும்வரை ரம்பத்தை மாட்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை மேசையை நேராக்குவது. ரம்பத்தின் ஒரு பல்லில் குறி வைத்து, அதே பல்லை முன்னாலும் பின்னாலும் கொண்டு வந்து, மேசையில் உள்ள மைட்டர் பள்ளத்திலிருந்து தூரம் அளக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் மேசையைத் தாங்கும் டிரனியன் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேசையை லேசாகத் தட்டி, திரும்ப முறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். முறுக்கும்போது திரும்பவும் நகரும், பொறுமை வேண்டும். அது ஒத்து வந்த பிறகுதான் ஃபென்ஸ், அதன் பிறகு மூலைமட்டம் வைத்து 90 டிகிரி ஸ்டாப். வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்வீர்கள்.

லேத்தாக மாற்றும்போது ஒவ்வொரு பூட்டையும் கையால் இழுத்துப் பாருங்கள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் கிரீன்மன் எதிர் யூபா பவர் ப்ராடக்ட்ஸ் வழக்கு இந்த எந்திரத்தைப் பற்றியதுதான்: 1955 கிறிஸ்துமஸுக்குக் கிரீன்மன் என்பவருக்கு மனைவி பரிசாக வாங்கித் தந்த ஷாப்ஸ்மித், 1957-ல் லேத் இணைப்புகள் வாங்கிப் பெரிய மரத்துண்டு ஒன்றைக் கடைந்தபோது மரம் தெறித்து நெற்றியில் அடித்தது. பாகங்களைப் பிடித்திருந்த செட் ஸ்க்ரூக்கள் போதவில்லை, அதிர்வில் மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெய்ல்ஸ்டாக் மரத்தை விட்டு நகர்ந்துவிடும் என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். 1963-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தயாரித்தவரைப் பொறுப்பாக்கியது. பழைய எந்திரத்தில் அந்த ஸ்க்ரூக்களுக்கு வயது இன்னும் கூடியிருக்கும், தேய்ந்ததை மாற்ற ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.