சோலார் கருவிகளுக்கு இடம் பார்ப்பது: பல வருடம் ஓட்டிய பிறகு தோன்றுவது

சோலார் போடப் போகிறோம் என்று யாராவது சொன்னால், பேனல் எத்தனை, எந்தத் திசை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் எங்கே வைப்பது என்ற கேள்வி, ஆட்கள் ட்ரில் மெஷினோடு வந்து நிற்கும்போதுதான் எழும். எந்தச் சுவர் காலியோ அங்கே மாட்டிவிடுவார்கள். பல வருடமாக வீட்டில் சோலார் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேனலின் திசை கொஞ்சம் முன்பின் ஆனால் சில சதவீத உற்பத்தி போகும், அவ்வளவுதான். இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் இடம் சரியில்லை என்றால் அவற்றின் ஆயுளே போகும்.

இரண்டுக்கும் எதிரி சூடு. ஈய அமில பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி வெப்பநிலையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் நிரந்தரமாகப் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். தவிர, சுற்றுப்புறம் 45 டிகிரியைத் தொடும்போது பல இன்வெர்ட்டர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள உற்பத்தியைத் தாங்களாகவே குறைக்கின்றன. வெயில் நன்றாக அடிக்கும் மதிய நேரத்தில் இது நடப்பதுதான் கொடுமை. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் மாட்டியிருந்தார்கள். கோடை வந்தால் மதியத்துக்கு மேல் உற்பத்திக் கோடு சரிந்து படுத்துவிடும். பெட்டி மேல் ஐபி 65 என்று போட்டிருக்கிறதே என்றார். அந்த எண் தூசிக்கும் தண்ணீருக்கும் மட்டும்தான். நேரடி வெயிலைத் தாங்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. பிறகு மேலே சின்னதாக ஒரு தகரச் சாய்ப்பு போட்டார். வித்தியாசம் உடனே தெரிந்தது.

எங்கள் வீட்டில் இரண்டும் மாடிப்படிக்குக் கீழே, நாள் முழுக்க நிழல் விழும், இரண்டு பக்கம் திறந்த இடத்தில் இருக்கின்றன. பேட்டரிக்கு நேர் மேலே இன்வெர்ட்டரை மாட்டவில்லை, பக்கத்தில்தான். இதை ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும், கூடவே அமிலச் சாரலும் கிளம்பும். சாரல் மேலே போய் சர்க்யூட் போர்டை அரிக்கும். ஹைட்ரஜனோ காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அது லேசான வாயு, கூரையடியில் போய்த் தங்கும். அதனால் மூடிய அறையில் வைப்பவர்கள் காற்றுப்போக்கியைச் சுவரின் உச்சியில் வைக்க வேண்டும், கீழே வைத்துப் பயனில்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற பேட்டரிக்கு மேலே கை நுழையும் அளவு இடமும் வேண்டும். அலமாரிக்குள் திணித்தவர்கள் சும்மா இருந்துவிட்டு, தண்ணீர் வற்றிய பிறகுதான் எட்டிப் பார்க்கிறார்கள். லித்தியம் பேட்டரியில் இந்தத் தண்ணீர், வாயுத் தொல்லை இல்லை; சூடு மட்டும் அதற்கும் ஆகாது.

அடுத்தது ஒயர். பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒட்டியே இருக்கட்டும். 3,000 வாட் சுமை ஓடினால், 48 வோல்ட் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 24 வோல்ட் என்றால் 125 ஆம்பியர். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் ஒயரில் வீணாவது நான்கு மடங்கு. பேனலிலிருந்து வரும் ஒயர் அப்படியில்லை. பேனல்களைத் தொடராக இணைப்பதால் வோல்ட் ஏறி, ஆம்பியர் பத்துச் சொச்சத்தில் நின்றுவிடும். ஆகவே தூரம் கூடத்தான் வேண்டும் என்றால் அதை மாடிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் விடுங்கள். வெயில் காயும் மாடியறையில் எல்லாவற்றையும் அடைப்பதைவிட, நீளமாக ஒயர் இழுத்துக் கீழே நிழலுக்குக் கொண்டுவருவது எவ்வளவோ மேல்.

பேனல் பக்கம் நான் அதிகம் கவலைப்படுவது நிழலைப் பற்றித்தான். நடுப்பகல் சூரியனின் உயரம் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நடுவில் 47 டிகிரி வரை மாறுகிறது. கோடையில் மாடியைப் பார்த்து நிழலே இல்லை என்று முடிவு செய்தால், குளிர்காலத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நீண்டு பேனல் மேல் ஏறி நிற்கும். வடக்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் டிசம்பர் 21 வாக்கில், காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள்.

கைப்பிடிச் சுவரின் நிழல் கீழிருந்து ஏறும் இடமென்றால் பேனலைப் படுக்கைவாட்டில் வைக்கச் சொல்வேன். பழைய முழுசெல் பேனலில் செல்கள் மூன்று பகுதிகளாக நீளவாக்கில் ஓடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பைபாஸ் டையோடு (நிழல் விழுந்த பகுதியைத் தவிர்த்து மின்னோட்டத்தைச் சுற்றிவிடும் பாகம்). நிமிர்த்தி வைத்தால் அடிவரிசையில் விழும் நிழல் மூன்றையும் ஒருசேர முடக்கிவிடும். படுக்க வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் போகும். செல்களை இரண்டாக வெட்டிச் செய்யும் பாதிசெல் பேனலில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனி, அதனால் நிமிர்த்தி வைத்தாலும் பாதியாவது மிஞ்சும்.

பேனலுக்கு அடியிலும் காற்று ஓட வேண்டும். செல் சூடு ஒரு டிகிரி ஏறினால் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. கூரையோடு ஒட்டவைத்த பேனல் 65 டிகிரி எட்டினால் பத்து சதவீதத்துக்கு மேல் காணாமல் போகும். உயரமான ஸ்டாண்டு காற்றுக்கு நல்லது. ஆனால் துடைக்க ஏணி தேவைப்படும் உயரம் வேண்டாம், ஏனென்றால் ஏணி எடுக்க வேண்டியிருந்தால் யாரும் துடைப்பதில்லை. வரிசைகளுக்கு நடுவில் ஒரு ஆள் நடக்க வழி விட்டதற்காக நான் ஒவ்வொரு முறையும் மகிழ்கிறேன்.

சின்ன விஷயங்கள் சில. இன்வெர்ட்டர் விசிறிச் சத்தம் பகலில் காதில் விழாது. பேட்டரியில் ஓடும் இரவில் நன்றாகவே கேட்கும், எனவே படுக்கையறைச் சுவர் வேண்டாம். உற்பத்தி விவரத்தை இன்வெர்ட்டர் வைஃபை வழியாகத்தான் அனுப்பும் என்றால், மாட்டுவதற்கு முன் அந்த இடத்தில் போனை வைத்து வைஃபை எட்டுகிறதா என்று பாருங்கள். பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசோலேட்டர், வீட்டில் இருக்கும் எல்லோர் கைக்கும் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். நேர்மின்சாரத்தில் பொறி கிளம்பினால் தானாக அணையாது, அந்த நேரத்தில் ஸ்டூல் தேடிக்கொண்டு நிற்க முடியாது.