ஆப்பிரிக்காவைப் படிக்க கூகுள் எர்த்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே ஏமாற்றுகிறது

பிரவுசரில் ஓடும் கூகுள் எர்த்தும் கணினியில் நிறுவும் எர்த் ப்ரோவும் ஒன்றல்ல. நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்க ப்ரோ வசதி. 2015 ஜனவரி முதல் அது இலவசம். மனிதர் கைபட்டு நிலம் மாறியதை ஆண்டுவாரியாக ஓட்டிப் பார்க்க, பிரவுசரில் உள்ள டைம்லாப்ஸே வசதி. ஆப்பிரிக்காவை நடத்தும் ஆசிரியருக்கு இரண்டும் தேவை.

முதலில் உயரம். ப்ரோவில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பாதை வரையும் பெட்டி திறக்கும். எத்தியோப்பியப் பிளவுப் பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பெயர் வைத்து, ஓகே கொடுங்கள். இடப்பக்கப் பட்டியலில் அந்தப் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல்' தேர்ந்தால் வெட்டுமுகம் வரும். இருபுறமும் மேட்டுநிலம், நடுவே அமிழ்ந்த தளம் என்று பள்ளத்தாக்கின் அமைப்பு பளிச்சென்று தெரியும். ஒரு எச்சரிக்கை: நூறு கிலோமீட்டர் அகலமும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரமும் ஒரே சட்டத்துக்குள் அடைபடுவதால், மெல்லிய சரிவும் செங்குத்துப் பாறைபோலத் தோன்றும். கோட்டின் வடிவத்தை நம்பாமல் ஓரத்து எண்களைப் படிக்க வேண்டும்.

உயரத் தரவுக்கும் வயது உண்டு. அதன் முக்கிய மூலம், 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் 11 நாளில் எடுத்த ரேடார் அளவீடு. ஆகவே சூடானில் 2009-இல் திறந்த மெரோவே போன்ற அணைகளின் பின்னால், தேங்கிய நீர் சமமாக நிற்காமல் பழைய பள்ளத்தாக்கின் சரிவில் ஒட்டியதுபோலத் தெரியலாம். பிழைதான், ஆனால் மூழ்கிய நிலத்தின் உருவத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது.

டைம்லாப்ஸுக்குச் சரியான முதல் பாடம் எகிப்தின் தோஷ்கா ஏரிகள். அஸ்வான் உயர் அணையின் பின்னால் தேங்கும் நாசர் ஏரியின் நீர்மட்டம் 178 மீட்டரைத் தாண்டினால் உபரி நீர் ஒரு கால்வாய் வழியே மேற்கே பாலைவனத்துக்கு வழியும். 1990-களின் கடைசியில் அப்படி வழிந்து, வெறும் மணலில் ஏரிகள் முளைத்தன, பிறகு சுருங்கின, 2019-க்குப் பின் மீண்டும் நிறைந்தன. அங்கிருந்து தென்மேற்கே நகர்ந்தால் ஷர்க் அல்-உவைனாத். ஆழ்நிலத்துப் பழைய நீரை இறைத்து, சுழலும் தெளிப்பான் குழாய்களால் பாசனம் செய்யும் பச்சை வட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுவது தெரியும்.

சாட் ஏரியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஏரி வற்றியதைக் காட்டலாம் என்று ஓட்டுவார்கள். ஒன்றும் பெரிதாக நடக்காது. காரணம் எளிது. 1960-களில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் இருந்த ஏரி, 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் வந்த வறட்சியில் ஷாரி ஆற்றின் வரத்து குறைந்து சுருங்கியது. டைம்லாப்ஸ் தொடங்குவதே 1984-இல். பெருஞ்சரிவு படத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அஸ்வான் உயர் அணைக்கும் இதே கதி: 1970-இல் கட்டி முடித்த அணைக்கு 'முன்', 'பின்' காட்ட இங்கே வழியில்லை.

இன்னொரு குறை, பெரியதை மட்டுமே காட்டுவது. பழைய ஆண்டுகளின் படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். புர்கினா ஃபாஸோ உழவர்கள் இறுகிய நிலத்தில் ஓரிரு சாண் அகலத்தில் தோண்டி எருவிட்டு விதைக்கும் 'ஸாய்' குழிகள் இதில் தெரியவே தெரியா. நைஜரின் தெற்கில் வயலுக்குள்ளேயே பழைய அடிக்கட்டைகளின் துளிர்களைக் காத்து வளர்த்த மரங்களைப் பார்க்க, ப்ரோவில் கடிகாரப் படத்தை அழுத்தி, நன்றாக நெருங்கிய படங்களைப் புரட்ட வேண்டும். மரத்தலைகள் கரும்புள்ளிகளாக எண்ணும்படி தெரியும். அப்போது ஆண்டோடு மாதத்தையும் பொருத்துங்கள். சஹாராவின் தென்விளிம்பான சாஹெல் ஆகஸ்டில் பச்சை, மார்ச்சில் மண்நிறம். மாதம் மாறினால் பருவத்தைப் பாலைவனமாக்கம் என்று நினைத்துவிடுவோம்.

வரைந்த கோடுகளை உடனுக்குடன் 'சேவ் ப்ளேஸ் ஆஸ்' கொடுத்துத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ப்ரோ இடையில் உறைந்து மூடினால், அந்த அமர்வில் போட்ட கோடுகள் எல்லாம் போய்விடலாம்.