தசைப்பிடிப்புக்கு எது கைகொடுத்தது: மலைப்பாதை சைக்கிள் அனுபவம்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கும் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கும் சைக்கிள் மிதிப்பவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு முதலில் கியரைப் பற்றிப் போகும், அடுத்து காலைப் பற்றி வரும். கெண்டைக்கால் இறுகிப் போவதற்கு ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றைப் பல ஆண்டுகளாக நானும் பயன்படுத்தி வருகிறேன். எதையும் ஒரு பருவமாவது விடாமல் பார்த்த பிறகே கருத்துச் சொல்கிறேன். எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வியர்வை அதிகம், கறுப்புச் சட்டை போட்டால் முதுகில் வெள்ளைக் கோடாக உப்புப் பூத்துவிடும். உங்கள் உடல்வாகு வேறாக இருந்தால் நான் சொல்லும் அளவுகளும் மாறும்.

முதலில் இளநீர். பொள்ளாச்சிப் பக்கம் இதைக் குறைத்துப் பேசுவது எளிதல்ல. ஆனைமலைச் சாலையில் வெட்டிக் கொடுக்கும் அம்மா, "இன்னொன்று குடி கண்ணு, பிடிப்பெல்லாம் பறந்துவிடும்" என்றுதான் சொல்வார். தாகத்துக்கும் களைப்புக்கும் அதைப்போல வேறில்லை. வழியில் கிடைத்தால் நான் விடுவதே இல்லை. ஆனால் இளநீரில் நிறைந்திருப்பது பொட்டாசியம், சோடியம் குறைவு. வியர்வையில் நாம் பெருமளவு இழப்பதோ சோடியம். வாழைப்பழத்துக்கும் இதே கணக்குத்தான். சித்திரை வெயிலில் நான்கைந்து மணி நேரம் மிதிக்கும் நாளில் இவை இரண்டை மட்டும் நம்பியபோது எனக்குப் போதவில்லை.

அந்த இடத்தை ஓ.ஆர்.எஸ். (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் நன்றாக நிரப்பியது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கலவைப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், அதோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு வெறும் சர்க்கரைத் தண்ணீர் அட்டைப் பெட்டிகளில் வெகுநாள் விற்றது. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயர்ப் பயன்பாட்டைத் தடுத்தது. வெயில் காலத்தில் ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ்., மறு பாட்டிலில் வெறும் தண்ணீர் என்பது என் வழக்கம். சுவை பிடிக்காதவர்கள் பல்லடம் சாலையோர வண்டிகளில் கிடைக்கும் கம்பங்கூழை மோரும் உப்பும் சேர்த்துக் குடிக்கலாம். உப்பும் கிடைக்கும், மிதிக்கத் தேவையான மாவுச்சத்தும் கிடைக்கும்.

உப்பும் நீரும்தான் முழுக் காரணம் என்றால் இதோடு முடித்திருப்பேன். ஆனி, ஆடி மாதங்கள் அப்படி முடிக்க விடவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று சீறிக்கொண்டு வரும் காலம் அது. உடுமலையிலிருந்து பொள்ளாச்சியை நோக்கி மிதித்தால் காற்றாலைகள் அத்தனையும் நம்மைப் போலவே மேற்கைப் பார்த்து நின்று சுழலும். வானம் மூடியிருக்கும், உடம்பு குளிர்ந்திருக்கும், சட்டையில் உப்புக் கோட்டின் சுவடே இருக்காது. அந்தச் சாலையிலும் எனக்குத் தசைப்பிடிப்பு வந்தது, அதுவும் வலது கெண்டைக்காலில் மட்டும். இரத்தத்தில் உப்புக் குறைந்ததுதான் காரணம் என்றால் இரண்டு காலிலும் ஓடுவது ஒரே இரத்தம்தானே?

தென்னாப்பிரிக்க மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் குழுவினர் 1997இல் முன்வைத்த விளக்கம் இந்தக் கேள்விக்குப் பொருந்துகிறது. தசை களைத்துப் போகும்போது அதைச் சுருங்கத் தூண்டும் நரம்புச் செய்திகள் கூடுகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் இருந்துகொண்டு 'போதும்' என்று அடக்கும் உணரிகளின் செய்தி குறைகிறது. முடுக்கு மட்டும் இருந்து தடுப்பு இல்லாத நிலை. அவரே பின்னர் 210 அயர்ன்மேன் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நீண்ட போட்டி) வீரர்களைக் கவனித்து 2011இல் வெளியிட்டதும் அதே பக்கம்தான் சாய்கிறது: பிடிப்பு வந்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியவை வேகமும் முன்பே பிடிப்பு வந்த வரலாறும், நீரிழப்போ சோடியம் மாற்றமோ அல்ல. ஆனாலும் எங்கள் ஊர் வெயிலில் உப்பை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். உப்பிழந்த உடம்பு சீக்கிரம் களைக்கிறது என்பதைச் சித்திரை ஒவ்வோர் ஆண்டும் எனக்குக் காட்டுகிறது.

பிடித்த பிறகு என்ன செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: நீட்டுவதுதான். வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தடுப்புச் சுவர் உண்டு. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, பிடித்த காலைப் பின்னால் வைத்து, முட்டியை மடக்காமல் குதிகாலைத் தார்ச்சாலையில் மெல்ல அழுத்துவேன். தோலுக்கு அடியில் தசை முடிச்சு முடிச்சாகத் துடிப்பது கண்ணுக்கே தெரியும். அரை நிமிடம், முக்கால் நிமிடம் அப்படியே நின்றால் துடிப்பு அடங்கும். தசை நீளும்போது தசைநாண் இழுபடுகிறது, அடக்கும் செய்தி மறுபடி பேசத் தொடங்குகிறது. வெடுக்கென்று இழுக்கவோ முறுக்கிப் பிசையவோ வேண்டாம். மறுநாளும் வலி தங்கிவிடும். விட்டவுடன் பழைய வேகத்தில் ஏறவும் கூடாது. இரண்டு வளைவுக்காவது சின்ன கியரில் மிதியுங்கள்.

அடுத்து, பலரும் நம்பாத ஒன்று: ஊறுகாய் நீர். நெல்லிக்காயைப் பச்சை மிளகாயோடு உப்பு நீரில் ஊறப்போட்ட ஜாடியிலிருந்து அந்த நீரை மட்டும் வடித்து, இருமல் மருந்து வந்த சிறு புட்டி ஒன்றில் நிரப்பிச் சட்டையின் பின்பையில் வைத்துக்கொள்கிறேன். பிடிப்பு தொடங்கும்போது இரண்டு மடக்கு. தொண்டை சுரீரென்று எரியும், கண்ணில் நீர் வரும், கால் தளரும். 2010இல் அமெரிக்காவில் மின்தூண்டலால் கால்விரலில் பிடிப்பை வரவழைத்துச் சோதித்தார்கள். வெள்ளரி ஊறுகாய் நீர் குடித்தபோது, தண்ணீர் குடித்ததைவிட ஏறத்தாழ 49 நொடி முன்னதாகவே பிடிப்பு விட்டது. அந்த நேரத்துக்குள் உப்பு இரத்தத்தில் கலந்திருக்க வழியில்லை. வாயிலும் தொண்டையிலும் உள்ள நரம்புகள் வழியாகவே வேலை நடந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. 2003இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ராடரிக் மெக்கின்னன் படகு வலிப்பவர். தமக்கு வந்த பிடிப்பைத் தொடர்ந்து இஞ்சி, இலவங்கப்பட்டை, மிளகாய்க் காரம் கலந்த பானம் ஒன்றை நண்பரோடு சேர்ந்து உருவாக்கினார். நம் அஞ்சறைப் பெட்டிக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் அது தொலைவில் இல்லை. பிடிப்பு வராமல் தடுக்க இந்த நீர் எனக்கு உதவியதில்லை; வந்ததை விரட்ட மட்டுமே உதவுகிறது. வயிறு புண்ணாக உள்ளவர்கள் தொட வேண்டாம்.

மக்னீசியம் மாத்திரையை ஒரு கோடை முழுதும் எடுத்தேன். வயிறு இளகியது, காலில் மாற்றமில்லை. இறுக்கமான கால் உறைகள் வெயிலிலிருந்தும் முள்ளிலிருந்தும் காக்கின்றன, பிடிப்பிலிருந்து அல்ல.

உண்மையில் பிடிப்பின் எண்ணிக்கையைக் குறைத்தது காசு செலவில்லாத ஒன்று. வீட்டு வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலால் எழும்பி, ஒரு காலால் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குவது. பதினைந்து முறை, மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். தொடையின் பின்தசைக்கு, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்தும் பயிற்சி. முதல் மாதத்தில் ஒன்றும் தெரியாது. மூன்றாம் மாதத்தில் முன்பு கால் மிரட்டத் தொடங்கிய வளைவைப் பேசிக்கொண்டே தாண்டினேன். இருக்கையின் உயரத்தையும் பாருங்கள். உயரம் கூடினால் பெருவிரல் கீழ்நோக்கியே மிதிக்க நேரும். ஏற்கெனவே சுருங்கி நிற்கும் கெண்டைக்கால் தசை மேலும் சுருங்கினால் பிடிப்புக்கு அதுவே அழைப்பு. வலப்பக்கம் மட்டும் பிடிப்பதற்கு என் விஷயத்தில் இதுவும் ஒரு காரணம். இருக்கையைச் சற்று இறக்கிய பிறகு அது அடங்கிவிட்டது.

தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போகும் உறவினர்களுக்கும், வெள்ளியங்கிரி ஏழாம் மலை ஏறி இறங்குபவர்களுக்கும் இதே படிப்பயிற்சியைச் சொல்லி வருகிறேன். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் தொடை பிடிக்கும் என்பது மூங்கில் தடியோடு பூண்டி அடிவாரத்துக்குத் திரும்பியவர்களுக்குத் தெரியும். ஒரு மாதம் முன்பிருந்தே தொடங்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பிடிப்புக்குப் பயந்து குடம் குடமாகக் குடிப்பது ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே உலை வைக்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் கூட்டும் மாத்திரையோ கொழுப்புக்கு ஸ்டேடின் மாத்திரையோ எடுப்பவர்கள் உப்புப் பானத்தைத் தொடும் முன் மருத்துவரிடம் பேசுங்கள். அந்த மாத்திரைகளே பிடிப்பைக் கொண்டுவரலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும், நீண்ட ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலும் நீட்டிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.