மூன்று சென்டிமீட்டர் ஈரல் கட்டி: வெட்டுவதா, சுடுவதா, ஈரலையே மாற்றுவதா?

ஈரலில் ஒரே புற்றுக்கட்டி, மூன்று சென்டிமீட்டருக்குள், ரத்தக்குழாய்க்குள் இறங்கவில்லை. சிடி ஸ்கேனில் இப்படி வந்தால் மூன்று வழி உண்டு. எதை எடுப்பது என்பதைக் கட்டியைவிட மீதி ஈரல்தான் முடிவு செய்கிறது. ஈரல் செல் புற்றுநோய் பெரும்பாலும் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகும் நோய்) பிடித்த ஈரலில் வருவதால், ஒரே ஆளுக்கு இரண்டு நோய். பிலிருபின் (காமாலை நிறமி), அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு), வயிற்று நீர், மனக்குழப்பம் ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு 'சைல்டு-பியூ' பிரிவு சொல்வார்கள்: 5, 6 என்றால் ஏ, 7 முதல் 9 வரை பி, 10 முதல் சி. முதலில் அந்த எழுத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வெட்டி எடுப்பது ஏ பிரிவுக்காரருக்கு. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே, உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைப்பு என்றால் சர்ஜன் தயங்குவார், தயங்கத்தான் வேண்டும். நல்ல ஈரலில் கால் பங்கு மிஞ்சினால் போதும், சிரோசிஸ் ஈரலில் 40 சதவீதமாவது வேண்டும். குறைந்தால் காமாலை ஏறும், வயிற்றில் நீர் கோக்கும், ஈரல் கைவிடும். ஆனால் கட்டி முழுசாக லேபுக்குப் போவதால், நுண் ரத்தக்குழாய்களில் பரவியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சுடுவது இன்னும் எளிது: தோல் வழியாக ஊசியை இறக்கி, அதன் சூட்டில் கட்டியைக் கருக்குவார்கள், ஓரிரு நாளில் வீடு. இரண்டு சென்டிமீட்டருக்குள் வெட்டுவதற்கு ஏறக்குறைய ஈடு. சுற்றிலும் அரை சென்டிமீட்டராவது சேர்த்துச் சுட வேண்டும். மூன்று சென்டிமீட்டர் கட்டிக்கு நாலு சென்டிமீட்டர் வட்டம். தவறுவது அந்த ஓரத்தில்தான். பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடினால், ஓடும் ரத்தமே சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். மைக்ரோவேவ் அலையால் சுட்டால் இந்தத் தொல்லை குறைவு. குடலையோ பித்தநாளத்தையோ ஒட்டியிருந்தால் ஆபத்து. ஒரு மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

இரண்டிலும் சிரோசிஸ் அப்படியே இருக்கும். வெட்டிய பிறகும் ஐந்து ஆண்டில் 70 சதவீதம் வரை மறுபடி கட்டி வருகிறது.

மாற்று அறுவையில் இரண்டு நோயும் போகும். யாருக்கு மாற்றலாம் என்று சொல்வது 1996இல் வந்த மிலன் அளவுகோல்: ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டர் வரை, இல்லையேல் மூன்று கட்டிகள் வரை, ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள். இதற்குள் இருந்தால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு சுமார் 70 சதவீதம். விலை? ஆயுள் முழுக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை. உயிரோடிருக்கும் உறவினர் கொடுத்தால் அவருக்கும் பெரிய ஆபரேஷன். 70 கிலோ நோயாளிக்கு வழக்கமாக 560 கிராம் ஈரலாவது வேண்டும். கொடுப்பவரிடம் 30 சதவீதத்துக்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். கொழுப்பு ஈரல் என்று பல கொடையாளர்கள் இங்கேதான் கழிகிறார்கள்.

சி பிரிவுக்காரருக்குச் சுடுவதில் பெரிதாகப் பயனில்லை. உடல் தாங்குமானால் மாற்றுதான். ஏ பிரிவில் இரண்டு சென்டிமீட்டர் கட்டிக்கு மகளின் ஈரலை உடனே கேட்பது அவசரம். சுட்டுவிட்டுக் கவனிக்கலாம், மூன்று நாலு மாதத்துக்கொரு ஸ்கேன் தவறாதவரை. விட்டுவிட்டால் மறுகட்டி மிலன் எல்லையைத் தாண்டிய பிறகுதான் கண்ணில் படும்.

இரண்டாம் கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. மருந்து ஏற்றி மூன்று கட்டமாக எடுத்த சிடியின் படங்கள் உள்ள குறுந்தட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.