பேத்தைக்குத் தப்பிய புழு: திருகோணமலைக் கரையில் மூன்று ஆண்டு அனுபவம்

திருகோணமலை உட்துறைமுக வீதியோரத்திலும் கிண்ணியாப் பாலத்தடியிலும் மூன்று ஆண்டுகளாக நான் ரப்பர் புழுத் தூண்டில் வீசி வருகிறேன். விரல் நீளப் புழு, சிறிய ஈயம், மெல்லிய தங்கூசி, பாரமற்ற தடி, இவ்வளவுதான் இந்த முறைக்கு வேண்டியவை. வட அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ் மீனுக்காக வளர்ந்த முறை இது. பிளாஸ்ரிக் புழுவை 1949 இல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வார்த்தெடுத்தார். அதைச் சிறிய ஈயத்தோடு சேர்த்து மெதுவாக ஆட்டும் நுட்பங்களுக்கு ஜப்பானியத் தூண்டில்காரர்கள் நிறையப் பங்களித்திருக்கிறார்கள். நம் கரையில் நாம் தேடுவது கொடுவாவையும் பாரையையும் கலவாயையும் என்பதால், பாஸ் மீனுக்கென்று அமைந்த கருவிகளில் எவற்றை அப்படியே வைத்துக்கொண்டேன், எவற்றை மாற்றினேன் என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

என் கையில் இருப்பது ஏழு அடி நீளமான மெல்லிய தடியும் 2500 அளவு ரீலும் ஆகும். ரீலில் மெல்லிய பின்னல் தங்கூசியையும், அதன் முனையில் ஒரு பாகம் (இரு கைகளையும் விரித்த அளவு) நீளத்துக்கு 10 இறாத்தல் பலமுள்ள புளோரோகாபன் தங்கூசியையும் கட்டியிருக்கிறேன். பின்னல் தங்கூசி நீரில் மிதக்கும், புளோரோகாபன் தாழும். இந்த வேறுபாடு பெரிய ஈயம் கட்டுபவருக்குப் பொருட்டில்லை. ஆனால் இரண்டரைக் கிராம் ஈயத்தோடு வீசும்போது, ஆனி ஆடி மாதங்களின் கச்சான் காற்று மிதக்கும் தங்கூசியை வில்லாக வளைத்து, புழுவையும் தன் பக்கம் இழுத்துச் சென்றுவிடும். முதல் ஆண்டில் மீன் தொட்டதை நான் உணராமல் போன பல தடவைகளுக்கு அந்த வளைவே காரணம். இப்போது வீசி முடித்தவுடன் தடியின் நுனியை நீர்மட்டம் வரை தாழ்த்திக்கொள்கிறேன். காற்று பிடிக்கும் தங்கூசியின் நீளம் அதனால் மிகவும் குறைகிறது.

நான் அதிகம் பயன்படுத்தியது நெட் ரிக். கன்சாஸ் மாநிலத்து எழுத்தாளர் நெட் கேடியின் பெயரால் வழங்கும் இந்த அமைப்பில், முள் பதித்த காளான் வடிவ ஈயத் தலையில் ஏறத்தாழ இரண்டே முக்கால் அங்குலப் புழு கோக்கப்படுகிறது. இசற்-மான் நிறுவனத்தின் எலாஸ்டெக் என்னும் பொருளில் செய்த புழு மிதக்கும் தன்மை உடையது. ஆகவே தலை தரையைத் தொட்டதும் வால் மேல்நோக்கி எழுந்து நிற்கும். முதல் தடவை கரையோரத்துத் தெளிந்த நீரில், என் காலடியிலேயே அதை இறக்கிப் பார்த்தேன். தலை மணலில் குந்தியது, சிறு புழுதி எழுந்து அடங்கியது, வால் மட்டும் நீரோட்டத்துக்கு ஏற்ப மெல்ல அசைந்துகொண்டிருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. இதற்குப் பிறகுதான் புழுவை ஓயாமல் ஆட்டும் என் பழக்கத்தை விட்டேன். தரை தொட்டதும் பத்து வரை எண்ணி, அரை முழம் இழுத்து, மறுபடியும் விட்டுவிடுகிறேன். கலவாய் பெரும்பாலும் அந்த நிற்கும் நேரத்திலேயே எடுக்கும். கையில் ஒரு தட்டலாக இல்லாமல், தங்கூசி சற்றுக் கனத்ததுபோல மட்டுமே தெரியும்.

கிண்ணியாவில் கதை வேறு. 2009 இல் திறக்கப்பட்ட அந்த 396 மீற்றர் பாலத்தின் கீழே, தம்பலகாமக் குடாவுக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் இடையிலான நீர் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டரைக் கிராம் தலை அங்கே தரையைத் தொடவே தொடாது. ஐந்து கிராமுக்கு மாறினேன். வீழ்ச்சி வேகமானது, ஆனால் புழு இருக்கும் இடம் தெரிந்தது. அங்கேதான் உடலை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனின் தொல்லையும் கூடுதல். அதன் நான்கு பற்களும் கிளி அலகுபோல இணைந்திருப்பதால், கடித்த இடம் பிறை வடிவில் சுத்தமாக அறுபட்டு வரும். உப்பு கலந்து வார்த்த சாதாரண மென்புழுக்கள் ஒரு காலையில் பத்துப் பன்னிரண்டு அப்படி அரையுடலாகத் திரும்பின. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த நானா ஒருவர் என் வாளியை எட்டிப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, இறாலக் கட்டினாலும் பேத்த திங்கும், ரப்பரக் கட்டினாலும் பேத்ததான் திங்கும்.” எலாஸ்டெக் புழுவையும் பேத்தை விடுவதில்லை, எனினும் அந்தப் பொருள் பல மடங்கு நீண்டு கொடுத்து மீள்வதால், ஒரே புழுவை இரண்டு மூன்று நாட்கள் பாவிக்க முடிகிறது. நடுவுடலில் முள்ளைக் குத்தும் வக்கி ரிக்கை உவர்நீரில் நான் முற்றாகக் கைவிட்டதும் பேத்தையாலேயே. இரு முனைகளும் தொங்கி ஆடும் அழகிய வீழ்ச்சி அதற்கு உண்டு. அந்த முனைகளைத்தான் பேத்தை முதலில் அறுக்கும்.

எலாஸ்டெக்கில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அதைச் சாதாரண மென்புழுக்களோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. நான் வாங்கிய கடையில் எவரும் இதைச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது, பச்சையும் பழுப்பும் ஒன்றோடொன்று உருகி, பாகுபோல அடியில் ஒட்டிக் கிடந்தன. பெட்டியின் தடுப்புச் சுவர்களும் இளகியிருந்தன. கணிசமான பணம் அதில் போயிற்று, எனக்கு மிகுந்த வருத்தம். இப்போது அவற்றை வாங்கிய பையிலேயே வைத்திருக்கிறேன்.

துறைமுகக் கற்கட்டுக்கு ட்ரொப் ஷொட் என்னும் அமைப்பைப் போல உதவியது வேறொன்றும் இல்லை. தங்கூசியின் அடியில் ஏழு கிராம் ஈயம், அதற்கு ஒரு சாண் ஒன்றரைச் சாண் மேலே முள், முள்ளில் புழு. முள்ளைக் கட்டும் பலோமர் முடிச்சைப் போட்ட பிறகு மீதி நுனியை முள்ளின் காதுக்குள் மேலிருந்து மறுபடியும் நுழைத்தால்தான் முள் தங்கூசிக்கு நேர்குத்தாக நிற்கும். இதை மறந்தால் புழு தொங்கிப்போகும். கற்களின் இடுக்கில் சிக்குவது எப்போதும் ஈயமே என்பதால், ஈயத்தை ஒற்றை முடிச்சில் கட்டுகிறேன். இழுத்தால் அது மட்டும் போய், முள்ளும் புழுவும் திரும்பிவிடும்.

முள் விடயத்தில் பாஸ் மீனுக்கான தெரிவு இங்கே பொருந்தவில்லை. மெல்லிய கம்பியில் செய்த அந்த முட்கள், ஒரு கிலோ அளவான பாரை பக்கவாட்டில் திரும்பி ஓடியபோது நேராகிவிட்டன. இரண்டு மீன்களை அப்படி இழந்த பின்னர் தடித்த, துருத் தாங்கும் பூச்சுள்ள முட்களுக்கு மாறினேன். மெல்லிய தடியால் அவற்றை மீனின் தாடையில் ஏற்றுவது கடினம். அதனால் ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் முனையை அரத்தால் தீட்டுகிறேன்.

கந்தளாய்க் குளத்தில் விராலுக்கும் முயன்றேன். தாமரையும் பாசியும் அடர்ந்த இடத்தில் திறந்த முள்ளுக்கு வேலையே இல்லை; முள்முனையைப் புழுவுக்குள் மறைத்தாலும், விராலைக் கொடிகளுக்கு வெளியே இழுக்கும் பலம் இந்தத் தங்கூசிக்குக் கிடையாது. அங்கே கனத்த தடியையே எடுத்துச் செல்ல வேண்டும்.

கார்த்திகையில் வாடை தொடங்கி ஆற்றுநீர் குடாவைக் கலக்கிவிட்டால் சில வாரங்களுக்கு நான் தூண்டிலை எடுப்பதில்லை. அப்போதுதான் ஈயத் தலைகளை ஒவ்வொன்றாக நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, முள்ளின் கழுத்தில் செம்மை படர்ந்தவற்றைக் கழித்துவிடுகிறேன். இம்முறை இருபதில் எட்டுத் தேறின.